‘வெறும் அசதிதான்’ என்று விட்டுவிடலாமா?

புறநோயாளிகள் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் முன் அமர்ந்திருக்கும்போது சொல்வதைக் காட்டிலும், எழுந்து செல்லும்போது சொல்வதைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்று நாங்கள் இப்போது எண்ணுகிறோம். முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, பேரப்பிள்ளையின் சளி என எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கதவருகே சென்ற பின் திரும்பி, “கொஞ்ச நாளா ஒரே அசதியா இருக்குதுங்க” என்பார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார். “நல்லா சாப்பிடுங்கம்மா, சத்து மாத்திரை எழுதியிருக்கு” என்று விடை வரும். அவரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தாயை நாங்கள் அப்படித்தான் அனுப்பி வைத்தோம். குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு இதை எழுதுகிறோம். அவர் ஐம்பதைக் கடந்தவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர். அன்று அவர் வந்ததும் மாத்திரை வாங்கத்தான். அசதி என்றார். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தோம், வெளிறியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். பத்து நாள் கழிந்து அவரை மீண்டும் கண்டபோது அவர் படுக்கையில் இருந்தார். முன்னிரவிலிருந்தே குமட்டல், குளிர்ந்த வியர்வை, மேல்முதுகில் பாரம். வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். விடிந்த பின் மலையிறங்கி, அடிவாரத்தில் ‘குளுக்கோஸ்’ ஏற்றிக்கொண்டு, அதன் பிறகும் தெளியாததால் எங்களிடம் கொண்டுவந்தார்கள். இ.சி.ஜி. எடுத்தபோது அது மாரடைப்பு என்று தெரிந்தது. பல மணி நேரம் கடந்துவிட்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மீளவில்லை. இன்று வீட்டு முற்றத்தைக் கூட்டுவதற்கே அவர் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது.

வார்டில் இருந்தபோது அவருடைய மருமகள் ஒன்று சொன்னார். “ஒரு மாசமாவே அத்தை தண்ணிக் குடத்தோட மேட்டுல ஏறும்போது ரெண்டு தடவ எறக்கி வச்சிட்டுத்தான் வந்தாங்க. முன்னெல்லாம் எங்கயும் நிக்கவே மாட்டாங்க.”

அந்த ஒரு செய்தி முன்பே எங்களுக்குக் கிடைத்திருந்தால் அவரை வேறு விதமாகப் பார்த்திருப்போம். மருமகள் அதைக் கண்டிருந்தார். ஆனால் அது சொல்ல வேண்டிய செய்தி என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தாய் அசதி என்று மட்டும் சொன்னார். குடத்தை இறக்கி வைத்ததைச் சொல்லவில்லை. நாங்களோ கேட்கவே இல்லை. இம்மூன்றிலும் மிகப் பெரிய குறை எங்களுடையதே. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றவற்றைப் பேச எங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் கருத்து இதுதான்: ஒரு பெண்ணுக்குப் புதிதாக வந்த, காரணம் புரியாத, ஓய்வெடுத்தும் தீராத அசதியை இயல்பான ஒன்றாகக் கருதி விட்டுவிடக்கூடாது. அது இதயத்திலிருந்து வந்ததா என்று ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும். பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. பார்க்கும் கடமை எங்களுக்கு உண்டு.

நம் பகுதிப் பெண்களின் அசதி ஏன் காதில் விழுவதில்லை என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவு, களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மக்காச்சோள அறுவடை, கரும்பு வெட்டு, நூறு நாள் வேலை ஆகிய அனைத்திலும் பெண்களின் உழைப்பு இருக்கிறது. விடியுமுன் அடுப்பு, பிறகு வயல், மாலையில் மாடு, இரவில் மீண்டும் அடுப்பு. மலைமேல் இதனுடன் மேடும் பள்ளமும் சேர்ந்துகொள்கின்றன. சாமைக் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் ஏறி இறங்க வேண்டும். விறகு சுமக்க வேண்டும். ஆண்கள் வேலை தேடி வெளியூர் சென்றிருக்கும் மாதங்களில் வீட்டின் முழுப் பாரமும் பெண்கள் மேல்தான். இவ்வாறு உழைப்பவர் அசதி என்று சொன்னால், ‘இவ்வளவு வேலை செய்தால் அசராமல் இருக்குமா?’ என்று வீடு நினைக்கிறது. அவரும் அப்படியே நினைத்துக்கொள்கிறார். உழைப்புக்குக் கிடைத்த கூலிபோல அசதியை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது.

இதய நோய் என்றதும் நம் மனத்தில் எழும் படமும் ஒரு காரணம். திரைப்படங்களில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிபவர் பெரும்பாலும் ஓர் ஆணாகவே இருப்பார். மருத்துவ உலகும் இதில் நெடுங்காலம் விலகி நிற்கவில்லை. இதய நோய் குறித்த பழைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே செய்யப்பட்டன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரான பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் 1991-ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். ஆணுக்கு வருவதைப் போலவே தனக்கும் நோய் வந்திருக்கிறது என்று மெய்ப்பித்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்பதே அவர் எழுதியதன் சாரம். உலக அளவில் பெண்களின் இறப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பவை இதய, இரத்தநாள நோய்களே. ஆயினும் நம் வீடுகளில் மாரடைப்பு இன்னும் ‘ஆம்பளைங்க நோய்’ என்றே பேசப்படுகிறது.

இதயத்துக்கும் அசதிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் குறைந்த நாளில் மோட்டார் நின்றுவிடுவதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சுருங்கினாலோ, இதயத் தசை வலுவிழந்தாலோ, வால்வு சரியாகத் திறந்து மூடவில்லை என்றாலோ, உடலுக்குத் தேவையான இரத்தம் தேவையான நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போதும், குடம் தூக்கும்போதும், துணி துவைக்கும்போதும் கை கால் ஓய்ந்து வரும், இளைப்பு வாங்கும்.

ஆண்களிடம் பெரிய இரத்தக்குழாயின் ஓரிடத்தில் அடைப்பு ஏற்படுவது வழக்கமான காட்சி. பெண்களுக்கும் அவ்வாறு ஏற்படுவதுண்டு. ஆனால் குழாய் நெடுக மெல்லிய சுருக்கமாகவோ, நுண்ணிய குழாய்களின் கோளாறாகவோ அது இருப்பது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால் நெஞ்சைப் பிழியும் வலி இல்லாமலேயே நோய் வளரக்கூடும். நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் வலி மேலும் மங்கிவிடும். வலி வாய் திறக்காதபோது அசதிதான் பேச வேண்டியிருக்கிறது.

இதற்குச் சான்று உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் ஜீன் மெக்ஸ்வீனி என்ற செவிலியர் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு வந்து பிழைத்த 515 பெண்களிடம், மாரடைப்புக்கு முந்தைய நாட்களைப் பற்றி விரிவாகக் கேட்டனர். அந்த ஆய்வு 2003-ஆம் ஆண்டு ‘சர்குலேஷன்’ என்ற இதழில் வெளிவந்தது. அவர்களில் 95 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் அறிகுறி முன்கூட்டியே இருந்ததாகக் கூறினர். அவற்றுள் முதலிடம் பெற்றது வழக்கத்துக்கு மாறான களைப்பு: ஏறத்தாழ 71 விழுக்காடு. அடுத்தது உறக்கம் கெடுதல்: 48 விழுக்காடு. அதற்கடுத்தது மூச்சுத்திணறல்: 42 விழுக்காடு. முன்னறிகுறியாக மார்பில் தொந்தரவு இருந்ததாகச் சொன்னவர்கள் 30 விழுக்காட்டினர் மட்டுமே. மாரடைப்பு வந்த நேரத்திலும் 43 விழுக்காட்டினருக்கு மார்பு வலி இருக்கவில்லை.

இந்த எண்களை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளை இனப் பெண்கள்; நம் ஊர்ப் பெண்கள் அல்லர். அதோடு மாரடைப்பு வந்தவர்களிடம் மட்டுமே கேள்விகள் கேட்கப்பட்டன. எனவே, களைப்புடன் இருக்கும் நூறு பெண்களில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும் என்பதற்கு அதில் விடை இல்லை. மார்பு வலியைப் புறக்கணிக்கலாம் என்றும் அதற்குப் பொருளில்லை; மாரடைப்பின்போது பெண்களுக்கும் மார்பு வலியும் அழுத்தமும் வருவதே மிகுதி என்று பிற ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த ஆய்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றே: மார்பு வலிக்காகக் காத்திருந்தால் சிலருக்குக் காலம் கடந்துவிடும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ‘அசதி இல்லாத பெண் யார் இருக்கிறார்? எல்லாரையும் இதய மருத்துவரிடம் அனுப்ப முடியுமா? வீண் அச்சம்தானே மிஞ்சும்?’ என்று கேட்பார்கள். எங்கள் மருத்துவர்களிலும் சிலர் இவ்வாறு கேட்டார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. அசதியின் காரணங்களில் பெரும்பாலானவை இதயத்தைச் சேர்ந்தவை அல்ல. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை, உறக்கமின்மை, மனச்சோர்வு, மாதவிடாயின்போது மிகுதியாக இரத்தம் போதல் எனப் பல உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! ஆகவே அசதி என்று வரும் பெண்ணுக்கு இரத்தசோகை இருக்கும் என்று எண்ணுவது தவறன்று.

தவறு அடுத்த படியில் நிகழ்கிறது. ஒரு காரணம் கண்ணில் பட்டவுடன் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இதய நோய் வராது என்று எந்த விதியும் இல்லை. உண்மையில், இரத்தசோகை மிகுந்தால் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே நலிந்த இதயம் அந்தப் பாரத்தில் மேலும் தளரும். மலைத்தாயின் விஷயத்தில் எங்களுக்கு நேர்ந்தது இதுவே. அவருக்கு இரத்தசோகை இருந்தது உண்மை. நாங்கள் கொடுத்த மாத்திரையும் சரியானதே. ஆனால் இரத்தசோகை அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்திருக்கும். குடத்தை இறக்கி வைப்பது அந்த மாதம்தான் தொடங்கியது. பழைய காரணத்தைக் கொண்டு புதிய மாற்றத்தை விளக்கிவிட்டோம்.

அப்படியானால் சாதாரண அசதியையும் கவனிக்க வேண்டிய அசதியையும் வீட்டிலேயே எவ்வாறு பிரித்தறிவது? பிறருடன் ஒப்பிட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது இங்கே அளவுகோல் ஆகாது. உங்களை உங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ற மாதம் ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இப்போது நின்று ஏறுகிறீர்களா? முன்பு ஒரே தடவையில் துவைத்த துணியை இப்போது இரண்டு பாகமாகத் துவைக்கிறீர்களா? இரவு முழுதும் உறங்கியும் காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை உயர்த்தி வைக்கிறீர்களா? மாலையில் கணுக்கால் வீங்குகிறதா? வேலை செய்யும்போது தாடை, கழுத்து, தோள், மேல்முதுகு ஆகியவற்றில் ஓர் இறுக்கம் வந்து, உட்கார்ந்ததும் தணிகிறதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையானால், நாளைத் தள்ளாமல் மருத்துவரிடம் வாருங்கள். வந்தவுடன், ‘அசதி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். ‘போன மாதம் முடிந்தது, இந்த மாதம் முடியவில்லை’ என்று வேலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். குடம், மேடு, துணி, படிக்கட்டு என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் அது விளங்கும்.

சிலர் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டும். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்பவர்கள், ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகையில் சமைப்பவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோர் அவர்கள். கருவுற்றிருந்தபோது இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்தவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அவை சரியாகிவிட்டன என்று மறந்துவிடுகிறோம். ஆனால் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

இளம் தாய்மார்களைப் பற்றித் தனியே ஒரு சொல். இதயக் கோளாறு வயதானவர்களுக்கு மட்டுமே வரும் என்பதில்லை. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைப் பாதித்துவிட்டுப் பல ஆண்டுகள் மறைந்திருக்கும். கருவுற்றிருக்கும்போது உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும். அப்போதுதான் சுருங்கிய வால்வு தன்னை முதன்முதலாக வெளிக்காட்டும். வேறு சிலருக்குக் கருவுற்ற கடைசி மாதத்திலிருந்து பிள்ளை பிறந்து ஐந்து மாதம் வரையுள்ள காலத்தில், எக்காரணமும் இன்றி இதயத் தசை தளர்ந்துபோவதுண்டு. இரண்டிலும் தாய் சொல்வது ஒன்றே: ‘அசதி, மூச்சு வாங்குது.’ வீடு சொல்வதும் ஒன்றே: ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்.’ படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றோ, கால் வீக்கம் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றோ பிள்ளை பெற்ற பெண் சொன்னால், அது பத்தியத்தால் தீரும் விஷயமல்ல. அன்றே அழைத்து வாருங்கள்.

இதற்கு முதலில் தேவைப்படும் பரிசோதனைகள் எளியவை: இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, ஓர் இ.சி.ஜி. ஐயம் மிகுந்தால் எக்கோ. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு முறை எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தது என்பதால் இதயத்தில் குறையே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அறிகுறி தொடர்ந்தால் மீண்டும் வர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு மாதம் ஒழுங்காக உட்கொண்டும் அசதி சிறிதும் குறையவில்லை என்றால், ‘மாத்திரை சேரவில்லை’ என்று நீங்களே நிறுத்திவிடாமல் எங்களிடம் வந்து கேள்வியை மறுபடி எழுப்புங்கள். தெம்புக்கென்று ஊசி போட்டுக்கொள்வதையும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். அவை நோயை மறைப்பதோடு, இதயம் தளர்ந்தவர்களுக்கு உடலில் நீரேற்றித் தீங்கும் செய்யக்கூடும்.

மேற்சொன்னவை நாட்கணக்கில் வளரும் அசதியைப் பற்றியவை. மணிக்கணக்கில், ஏன், நிமிடக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நேரமும் உண்டு. திடீரென்று எழுந்து நிற்கவும் முடியாத தளர்ச்சி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், மார்பிலோ தாடையிலோ முதுகிலோ கையிலோ அழுத்தம், தலைச்சுற்றி மயக்கம் வருதல் ஆகியவை சேர்ந்து வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சோடா குடித்துப் பார்ப்போம், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும், வெளியூரிலிருந்து மகன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிவரவும் வேண்டாம். அடைபட்ட குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி மடிகிறது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை.

வெள்ளிமலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்பவர்கள், ‘சொல்வது எளிது, மலையிலிருந்து வந்து பாருங்கள்’ என்று எங்களைக் கேட்பார்கள். அவர்கள் கேட்பது சரியே. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு தானாக முன்வந்து வழக்கொன்றை எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவம் முதலிய அடிப்படை வசதிகள் அதில் பேசப்பட்டன. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. முன்பைவிட மருத்துவம் அருகில் வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் மலைமேல் இருப்பவருக்கு அது இன்னும் தொலைவுதான். ஆகையால்தான் சொல்கிறோம்: சமவெளியில் இருப்பவர் அறிகுறி முற்றிய பின் புறப்பட்டாலும் ஒருவேளை நேரத்தில் வந்து சேர்வார். மலையில் இருப்பவர் அறிகுறி மெலிதாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில், பேருந்து ஓடும் நேரத்தில் புறப்பட்டுவிட வேண்டும். தொலைவு மிகுந்தவர்களுக்கு அசதி என்ற முன்னறிவிப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு மதிப்புடையது.

அருகில் உள்ள உதவிகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் இந்த அசதியைச் சொல்லுங்கள். அவரும் பெண்தான், அவருக்குப் புரியும். மாரடைப்பு என்று ஐயம் எழுந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு முன்பே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்க ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையம் எது, இரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதை நோய் வருமுன்பே கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அந்த மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். எல்லாருக்கும் அவை பொருந்தா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செலவை நினைத்து வாய் திறக்காமல் இருக்கும் பெண்கள் மிகப் பலர்.

இனி, குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பெண்கள் தம் உடம்பைப் பற்றித் தாமே முன்வந்து சொல்வது அரிது. சொன்னாலும், மற்றவர் அனைவரின் நோயையும் சொல்லி முடித்த பிறகே சொல்வார்கள். ஆகவே கணவரும் மகனும் மகளும் மாமியாரும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மா வழக்கமாக உட்காராத இடத்தில் உட்கார்ந்தால், அத்தை குடத்தை இறக்கி வைத்தால், மனைவி பேசிக்கொண்டே மேடேறியவர் இப்போது பேச்சை நிறுத்திவிட்டு ஏறினால், அதைக் குறித்து வையுங்கள். மருத்துவமனைக்கு உடன் வந்து, அவர் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லுங்கள். ‘சோம்பல்’, ‘வயசாகிவிட்டது’, ‘வேலைக்குச் சாக்கு’ என்ற சொற்களை வீட்டில் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். ஒரு முறை அப்படிக் கேட்ட பெண் மறுமுறை வாய் திறக்க மாட்டார்.

எங்களுக்கும் ஒரு கடமை விதித்துக்கொண்டிருக்கிறோம். அசதி என்று சொல்லும் பெண்ணிடம், அவர் கதவருகே நின்று சொன்னாலும், திரும்ப அழைத்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்: “போன மாசம் செஞ்ச எந்த வேலைய இந்த மாசம் செய்ய முடியல?” கூட்டம் மிகுந்த நாளில் நாங்கள் இதை மறக்கக்கூடும். மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். அதை நாங்கள் குறையாகக் கொள்ள மாட்டோம்.

மலையிலிருந்து வந்த அந்தத் தாய் இப்போது மாதந்தோறும் சிகிச்சைக்கு வருகிறார். தண்ணீர் எடுக்கும் வேலையை மருமகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார். சென்ற முறை வந்தபோது அந்தத் தாய் எங்களிடம் மருமகளைக் காட்டி, “இவளுக்கும் பாருங்க, புள்ள பொறந்ததுல இருந்து அசதி அசதின்னு சொல்றா” என்றார். மருமகளை உட்கார வைத்துக் கேட்டோம், பரிசோதித்தோம். அவருக்கு இருந்தது இரத்தசோகைதான். இதயத்தில் குறை ஏதுமில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தோம். இம்முறை பார்த்துவிட்டுக் கொடுத்தோம்.